சபை ஒரு சுமைதாங்கி

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1-5



இந்த ஐந்து வசனங்களைத் தமிழில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. பிறருடைய பாரத்தை நாம் சுமக்கவேண்டும், அதுவே கிறிஸ்துவின் பிரமாணத்தை நிறைவேற்றுவது என்று இரண்டாம் வசனத்தில் அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார். ஐந்தாம் வசனத்துக்கு வந்ததும், அவனவனுடைய பாரத்தை அவனவனே சுமக்கவேண்டும் என்கிறார். எதைக் கைக்கொள்வது? அயலானுடைய சுமைக்குத் தோள் கொடுப்பதா, அவன் பாடு அவனுக்கு என்று விட்டுவிடுவதா?

இரண்டு இடங்களிலும் நம்முடைய மொழிபெயர்ப்பில் 'பாரம்' என்ற ஒரே சொல் நிற்பதால் வரும் மயக்கம் இது. மூலபாஷையாகிய கிரேக்கில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. முதலாவது 'பாரோஸ்'; ஒரு மனிதனைத் தரையோடு அழுத்திவிடும் பளுவைக் குறிப்பது. இரண்டாவது 'போர்ட்டியோன்', ஒருவன் தன் பயணத்தில் தானே தூக்கிச் செல்லவேண்டிய மூட்டையைக் குறிப்பது. நம்முடைய ஆண்டவர் தம்முடைய சுமை இலகுவானது என்று சொன்ன இடத்தில் வருவது இந்த இரண்டாம் சொல்லே (மத். 11:30). ஆகவே தன் கடமை, தன் மனச்சாட்சி, தேவனுக்கு முன்பாகத் தான் ஒப்புவிக்கவேண்டிய கணக்கு ஆகியவற்றை ஒருவரும் பிறர் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் துக்கம், வியாதி, வீழ்ச்சி, கடன், அவமானம், தனிமை போன்ற பளுவின்கீழ் ஒருவன் முழங்கால் மடங்கி நிற்கும்போது, அவனைத் தனியே விட்டுவிட்டுப் போகச் சபைக்கு அனுமதி இல்லை.

பழைய நாட்களில் தமிழகத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். இரண்டு கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே குறுக்காக ஒரு கல்லைப் பரப்பியிருப்பார்கள். தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடந்து வருகிறவன், குனியாமலும் பிறர் கையை எதிர்பாராமலும், தன் மூட்டையை அதன்மேல் தள்ளி வைக்கிற உயரத்தில் அது இருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் இவற்றை நட்டு வைப்பதும் வழக்கமாக இருந்தது. தங்கள் துக்கத்திலிருந்து முன்பின் அறியாத வழிப்போக்கனுக்கு ஒரு இளைப்பாறுதலை உண்டாக்கி வைத்தார்கள். அந்தக் கல் வழிப்போக்கனுக்கு உபதேசம் செய்வதில்லை. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்ப்பதும் இல்லை. சற்று நேரம் தாங்குகிறது; அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். பவுல் சொன்ன இரண்டு சுமைகளும் அங்கே சந்திக்கின்றன.

இந்த அறிவுரை எந்தச் சபைக்கு எழுதப்பட்டது என்பதையும் கவனிக்கவேண்டும். முந்தின அதிகாரத்தில் இந்தச் சபையாரைப் பார்த்து, நீங்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறினால் இருவருமே அழிந்துபோவீர்கள் என்று பவுல் எச்சரித்திருக்கிறார் (கலா. 5:15). அமைதியாக இருந்த நல்ல சபைக்கு மேலும் ஒரு புண்ணியமாகச் சேர்க்கப்பட்ட போதனை அல்ல இது. சண்டையிட்டுக்கொண்டிருந்த சபைக்குச் சொல்லப்பட்ட மருந்து. நம்முடைய சபையில் கட்சிகள் இருக்கின்றன, தேர்தல் வழக்குகள் இருக்கின்றன, இங்கே எப்படி ஒருவரையொருவர் தாங்குவது என்று கேட்கிறவர்கள் கலாத்தியரை நினைத்துக்கொள்ளலாம்.

முதல் வசனத்தில் இன்னொரு சொல் புதையலாகக் கிடக்கிறது. குற்றத்தில் அகப்பட்ட ஒருவனைச் 'சீர்ப்படுத்த' வேண்டும் என்று பவுல் சொல்லுகிற இடத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல், செபெதேயுவின் குமாரர் படகில் இருந்து வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்று சொல்லும் இடத்திலும் வருகிறது (மாற்கு 1:19). கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிழிந்த வலையை ஒரு மீனவரும் தூக்கி எறிவதில்லை. கிழிந்ததற்காக அதை அடிப்பதும் இல்லை. மணலில் உட்கார்ந்து, மடியில் விரித்துப்போட்டு, ஊசியும் நூலுமாக, கண்ணி கண்ணியாகக் கோக்கிறார். அவசரப்பட்டால் முடிச்சு நிற்காது. இழுத்துப் பிடித்தால் பக்கத்துக் கண்ணியும் கிழியும். சாந்தமுள்ள ஆவியோடு செய்யவேண்டும் என்று பவுல் சேர்த்துச் சொல்வதன் காரணம் இதுதான். அதோடு நில்லாமல், சீர்ப்படுத்துகிறவன் தானும் சோதிக்கப்படாதபடி தன்னைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறார். ஆலோசனை கொடுக்க உட்காருகிறவன் மேட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. அவனும் அதே மணலில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

ஆலோசனை என்றவுடன் நம்மில் அநேகர் பேச்சை நினைக்கிறோம். வேதமோ முதலாவது செவியைக் கேட்கிறது. காரியத்தைக் கேட்டு முடிக்குமுன்னே பதில் சொல்லுகிறவனுக்கு அது மதியீனமும் வெட்கமுமாகும் என்பது ஞானியின் கருத்து (நீதி. 18:13). மனிதனுடைய உள்ளத்தில் இருக்கும் யோசனை ஆழமான தண்ணீரைப் போன்றது, புத்திமானே அதை மொண்டெடுப்பான் என்றும் அவன் சொல்லுகிறான் (நீதி. 20:5). ஆழ்கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவன் கயிற்றை மெல்ல விடவேண்டும்.

யோபின் சிநேகிதர் மூவரையும் நாம் பெரும்பாலும் கேலியாகவே பேசுகிறோம். அது நியாயமல்ல. அவர்கள் தொலைவிலிருந்து புறப்பட்டு வந்தார்கள். அவனைக் கண்டு சத்தமிட்டு அழுதார்கள். ஏழு நாட்கள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை (யோபு 2:11-13). நம்முடைய சபைகளில் துக்க வீட்டில் ஏழு நாட்கள் மௌனமாக உட்கார்ந்தவர் எத்தனை பேர்? எட்டாம் நாளுக்குப் பின்னர் அவர்கள் வாயைத் திறந்ததுதான் கேடாயிற்று. அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதி, தனியே எடுத்துப் பார்த்தால், பிரசங்க மேடையில் சொல்லத்தக்க உபதேசமே. தேவன் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனந்திரும்பினால் இரக்கம் கிடைக்கும். ஆனால் அந்த உபதேசத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு யோபின் புண்களை அளந்தார்கள்; துன்பம் பெரிதானால் பாவமும் பெரிதாயிருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேலேயே மூண்டது (யோபு 42:7).

எலிப்பாசின் சந்ததி இன்னும் அற்றுப்போகவில்லை. திருமணமாகிப் பத்து ஆண்டுகள் பிள்ளையில்லாத சகோதரியிடம், குடும்பத்தில் என்ன சாபம் இருக்கிறது என்று ஆராய்ந்து பாருங்கள் என்கிறவர்கள் உண்டு. புற்றுநோயில் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம், நீங்கள் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் பிழைத்திருப்பானே என்கிறவர்கள் உண்டு. சொல்லுகிறவர் காபி குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். கேட்டவர்கள் அந்த வார்த்தையோடு பல ஆண்டுகள் படுத்து எழும்புகிறார்கள். சிலர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். பின்வாங்கிப்போனார் என்று அவர்களைப்பற்றி நாம் ஜெபக்குறிப்பு எழுதுகிறோம்!

மிஷனெரி ஊழியத்தைத் தாங்குகிற நமக்கு, இந்தக் காரியத்தில் முகம் திருப்பிக்கொள்ள முடியாத ஒரு வரலாறு உண்டு. வில்லியம் கேரியை அறியாதவர் நம்மில் ஒருவரும் இல்லை. அவருடைய மனைவி டாரதியைப்பற்றி எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம்?

டாரதி இங்கிலாந்தின் ஒரு சிற்றூர்ப் பெண். 1781-இல் கேரியை மணந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தியாவுக்குப் போகும் எண்ணத்தைக் கணவர் தெரிவித்தபோது அவர் மறுத்துவிட்டார். கப்பல் தாமதமானதால் மறுபடியும் வற்புறுத்தப்பட்டு, தன் சகோதரி கேத்தரீன் உடன் வருவதானால் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். 1793 ஜூன் மாதம் புறப்பட்டபோது கைக்குழந்தைக்குச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். கையிருப்புப் பணம் கரைந்துபோயிற்று. இடம் விட்டு இடம் மாறினார்கள். சுந்தரவனத்துச் சதுப்பு நிலத்தில் சில காலம் குடியிருந்தார்கள். டாரதியும் மூத்த பிள்ளைகளும் வயிற்றுக்கடுப்பால் வாடினார்கள். உடன் வந்த சகோதரி, கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவரை மணந்து பிரிந்துபோனார். 1794-இல் வடக்கு வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலை வேலைக்காகக் கேரி குடும்பம் மட்னாபதிக்குச் சென்றது. அங்கே ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். ஏற்கெனவே இங்கிலாந்தில் இரண்டு பெண் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்த தாய் அவர். இந்த மகனை அடக்கம்பண்ணக் குழி வெட்டவும் சுமந்து செல்லவும் ஆள் கிடைப்பதே அரிதாயிருந்தது.

அதற்குப் பின் டாரதியின் மனம் குலைந்தது. கணவர் தனக்குத் துரோகம் செய்கிறார் என்ற பிரமை அவரைப் பற்றிக்கொண்டது. பிறர் காதுபடக் கூச்சலிட்டுக் குற்றஞ்சாட்டினார். 1807 டிசம்பரில் செராம்பூரில் இறக்கும் வரைக்கும், ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள், அந்த இருள் விலகவில்லை. கேரி அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். அறையில் அடைத்துவைக்கவேண்டிய நிலையும் வந்தது. 1801-இல் அச்சாகி வெளிவந்த வங்காள மொழிப் புதிய ஏற்பாடு இந்தக் கூக்குரலின் அண்மையில்தான் உருவாயிற்று.

இதை எழுதுவது அந்தத் தேவமனிதரின் புகழைக் குறைப்பதற்கல்ல. அக்காலத்தில் இந்த நோய்க்கு மருந்தும் இல்லை, நோயை அறிகிற அறிவும் மிகக் குறைவு. கேரி அவரைக் கைவிடவில்லை என்பதே அவர் பொறுமைக்குச் சாட்சி. ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் எழும்பாமல் இல்லை. அந்தத் தாயின் பாரத்தைச் சுமந்தவர் யார்? மட்னாபதியின் அந்த ஆண்டுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மொழியில் பேசி, இறந்த மகனின் பெயரைச் சொல்லி அழ அனுமதித்த ஒரு சகோதரி இருந்தாரா?

1800-இல் செராம்பூரில் கேரியோடு மார்ஷ்மன் தம்பதியரும் வில்லியம் வார்டும் சேர்ந்து ஒரே குடும்பமாக வாழத் தொடங்கியபோது நிலைமை சற்று மாறிற்று. தாயின் கவனிப்பின்றி முரடாக வளர்ந்துகொண்டிருந்த கேரியின் பிள்ளைகளை ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் தம் பிள்ளைகளோடு சேர்த்துப் பராமரித்தார். வார்டு மூத்தவனாகிய பெலிக்ஸுக்கு அண்ணனைப்போல் நின்றார். அந்தக் குடும்பம் ஒரு ஒழுங்கையும் ஏற்படுத்திக்கொண்டது. சனிக்கிழமை மாலையை, தங்களுக்குள் உண்டான மனத்தாங்கல்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்போம் என்று மறுபடியும் உறுதிசெய்துகொள்வதற்கென்றே ஒதுக்கினார்கள். அடுத்த நாள் ஓய்வுநாள் ஆராதனை. மனஸ்தாபத்தோடு பலிபீடத்தண்டை போகலாகாது என்ற ஆண்டவரின் போதனையை (மத். 5:23-24) வாரந்தோறும் நாட்காட்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பையும் அச்சகத்தையும் கல்லூரியையும்பற்றி நாம் பேசும் அளவுக்கு இந்தச் சனிக்கிழமை மாலையைப்பற்றிப் பேசுவதில்லை. ஆனால் குறுகிய இடத்தில், ஒரே பந்தியில், ஒரே பணப்பையில் வாழ்ந்த அவர்கள் சிதறிப்போகாமல் நின்றதற்கு அந்த மாலைக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

இன்றும் பணித்தளங்களில் டாரதிகள் இருக்கக்கூடும். தெரியாத பாஷை, தூரத்து மலைக்கிராமம், விடுதியில் விடப்பட்ட பிள்ளைகள், கிராமம் கிராமமாகச் சுற்றும் கணவர், ஊரில் நோயுற்ற தாய். ஊழியர் கூட்டங்களில் கணவர் அறிக்கை வாசிக்கிறார். மனைவியின் முகத்தை யார் வாசிக்கிறார்கள்? மாதந்தோறும் தவறாமல் காணிக்கை அனுப்புகிற ஜெபக்குழுக்களுக்குக் கர்த்தர் பலன் அளிப்பாராக. பணம் சுமைக்கு ஒரு கை கொடுக்கிறது. மறு கையும் வேண்டும்.

மனநோயைப்பற்றி இன்னும் சில வார்த்தைகள் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் குறை அப்போது இருந்தது. அவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சையின் பக்கமே போகவில்லை. இருநூறு பேர் கூடும் ஆராதனையில் இது எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் கூச்சமின்றி மாத்திரை விழுங்குகிற நாம், மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை எடுப்பதை அவிசுவாசம் என்று ஏன் எண்ணுகிறோம்?

எலியாவைப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினியை இறக்கின அதே மனிதன், சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, தன் பிராணனை எடுத்துக்கொள்ளும்படி தேவனிடம் கேட்கிறான் (1 இரா. 19:4). தேவன் அவனைக் கடிந்துகொண்டாரா? அவிசுவாசி என்றாரா? அவன் தூங்கும்படி விட்டார். தூதனை அனுப்பித் தொட்டு எழுப்பினார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தார். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடக் கொடுத்தார். பயணம் உனக்கு மிகுந்த தூரமாயிருக்கும் என்ற உண்மையை ஒத்துக்கொண்டார். நாற்பது நாள் கழித்து ஓரேபிலேதான் கேள்வி வருகிறது. தூக்கமும் ஆகாரமும் முதலில், சம்பாஷணை பிறகு. கடைசியாக அவனுக்கு எலிசாவைத் துணையாகக் கொடுத்தார். இதைவிடச் சிறந்த ஆலோசனைப் பாடத்தை எந்தக் கல்லூரியும் கற்பிக்க முடியாது என்று சொல்லத் தோன்றுகிறது.

எசேக்கியாவுக்குச் சுகத்தை வாக்களித்த அதே தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான் (ஏசா. 38:21). பவுலோடு வைத்தியனாகிய லூக்கா பிரயாணப்பட்டான். ஆகையால் வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, வாழ விருப்பமற்றுப் பேசுகிற ஒருவரைக் கண்டால், அவரோடு ஜெபியுங்கள். ஜெபித்தபின் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மருத்துவமனை வரிசையில் அவரோடு உட்காருங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கின 'டெலி மானஸ்' என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இரவும் பகலும் கிடைக்கிறது. இந்த எண் நம் ஆலய அறிவிப்புப் பலகையில் இருந்தால் யாருக்கு நஷ்டம்? தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுகிறது. தற்கொலையால் இறந்தவருக்கு அடக்க ஆராதனையை மறுத்த வழக்கம் சபை சரித்திரத்தில் நெடுங்காலம் இருந்தது. சில காரியங்களில் நாட்டின் சட்டம் நமக்கு முன்னே நடந்துபோய்விடுகிறது.

நோய் குணமாகாமலே போனால்? அப்பொழுதும் சபைக்கு வேலை உண்டு. ஜான் நியூட்டனும் கவிஞர் வில்லியம் கூப்பரும் ஓல்னி என்ற ஊரில் நண்பர்களாய் இருந்தார்கள். 1773-இல் கூப்பரின் மனம் முற்றிலும் தளர்ந்து, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற கொடிய எண்ணத்தில் வீழ்ந்தபோது, நியூட்டன் தம் வீட்டிலேயே அவரை ஓர் ஆண்டுக்கு மேலாக வைத்துப் பராமரித்தார். அந்தப் பிரமை கூப்பரைவிட்டு முழுவதும் நீங்கவே இல்லை. 1800-இல் இறக்குமட்டும் அது வந்து வந்து போயிற்று. நியூட்டனின் அன்பும் விலகவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து எழுதி 1779-இல் வெளிவந்த கீர்த்தனைகளில் பலவற்றை உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகின்றன.

இனி ஒரு கசப்பான காரியம். நம்முடைய சபைகளில் துன்பப்படுகிறவர்கள் வாயைத் திறக்காததற்குப் பெரிய காரணம், சொன்னால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமற்றது என்று சொல்ல என்னால் கூடவில்லை. இன்ன சகோதரரின் மகளுக்காக விசேஷமாக ஜெபியுங்கள், விபரம் பிறகு சொல்லுகிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும். ஆராதனை முடிவதற்குள் விபரம் மூன்று தெருவைச் சுற்றி வந்துவிடும். இப்பொழுது கைபேசிக் குழுக்களும் வந்துவிட்டன. புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை மூடிவைக்கிறான் என்ற நீதிமொழியை (11:13) நாம் ஜெபம் என்ற போர்வையால் மூடக்கூடாது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடும்படி யாக்கோபு எழுதினார் (5:16). ஒலிபெருக்கியில் அறிக்கையிடும்படி எழுதவில்லை. அப்பொல்லோவின் உபதேசத்தில் குறை கண்டபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவனைச் சேர்த்துக்கொண்டுபோய்த் தனியே விளக்கினார்கள் (அப். 18:26).

ஆனால் இரகசியம் காப்பதற்கும் அக்கிரமத்தை மறைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இதில் தெளிவு வேண்டும். கணவனால் அடிபட்டு அழுதுகொண்டு வருகிற பெண்ணை, பொறுத்துப்போ, ஜெபி, அவர் திருந்துவார் என்று மறுபடியும் அதே வீட்டுக்கு அனுப்புவது ஆலோசனை அல்ல. அப்படிப்பட்ட பெண்ணைப் பாதுகாக்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; 181 என்ற உதவி எண் இருக்கிறது. அவள் உயிரும் பிள்ளைகளின் உயிரும் முதலாவது காக்கப்படவேண்டும். கணவனைச் சீர்ப்படுத்தும் வேலை அதற்குப் பின்னர், தனியாக, நடக்கட்டும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றத்திலோ தயக்கத்துக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். குற்றவாளி மூப்பராக இருந்தாலும், பாடகர் குழுத் தலைவராக இருந்தாலும், சபையின் நற்பெயர் கெடும் என்று உள்ளுக்குள் முடித்துவைக்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப்பற்றி ஆண்டவர் சொன்னதை (மத். 18:6) நடுக்கத்தோடு நினைப்போம். சிறுவர் உதவி எண் 1098.

இவ்வளவையும் போதகர் ஒருவரே செய்யவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. காலைமுதல் மாலைமட்டும் தனியே நியாயம் விசாரித்த மோசேயைப் பார்த்து, நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் தளர்ந்துபோவீர், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள் என்று எத்திரோ எச்சரித்தான் (யாத். 18:17-18). பவுல் ரோமாபுரியாருக்கு எழுதும்போது, ஒருவருக்கொருவர் புத்திசொல்லத் தகுதியுள்ளவர்கள் என்று சபையார் எல்லாரையும் பார்த்தே சொல்லுகிறார் (ரோமர் 15:14). இது எப்படி நடைமுறையில் வரும் என்பதற்கு ஒரு நல்ல சம்பவம் உண்டு. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியும் சபையாரும் கட்டடக் கடனைத் தீர்க்கும் வழியைப்பற்றிக் கூடிப் பேசினார்கள். கேப்டன் பாய் என்பவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். அநேகர் ஏழைகள், அவர்களால் கூடாதே என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் ஒப்புவியுங்கள். வாரந்தோறும் அவர்களைச் சந்திப்பேன், கொடுக்கமுடியாதவர்களுக்காக நானே கொடுப்பேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்தார்கள். பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் நோயையும் சண்டையையும் குடியையும் கண்டார்கள். வெஸ்லிக்கு அப்பொழுது கண் திறந்தது. கடன் தீர்க்கும் ஏற்பாடு, பன்னிரண்டு பேர் வாரந்தோறும் கூடித் தங்கள் ஆத்தும நலனை விசாரித்துக்கொள்ளும் வகுப்புக் கூட்டமாக மாறி, மெதடிஸ்து சங்கங்களின் முதுகெலும்பாயிற்று.

நம்மிடமும் பகுதி ஜெபக்கூட்டங்கள் இருக்கின்றன. சந்தா வசூலிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு, பதில் முடியும்வரைக்கும் எழுந்திராமல் இருந்தால் போதும், வேலை தொடங்கிவிடும். எல்லாம் நம்மால் ஆகாது என்றும் அறிந்திருக்கவேண்டும். பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் அனுப்பவேண்டிய காரியத்தை நம் அனுபவத்தால் தீர்க்க முயலுவது, தையல் தெரிந்தவர் அறுவைச் சிகிச்சைக்குக் கத்தி எடுப்பது போலாகும். வேலூரிலுள்ள கிறிஸ்தவ ஆலோசனை மையம் போன்ற இடங்களில் இதற்கென்று பயிற்சி அளிக்கிறார்கள். சபைக்கு இரண்டு பேரை அப்படிப்பட்ட பயிற்சிக்கு அனுப்புவது, ஆலயத்துக்கு ஓர் ஒலிபெருக்கி வாங்குகிற செலவைவிடப் பெரிதாகாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, தாங்குகிறவர்களைத் தாங்குவது யார்? மக்கெதோனியாவுக்கு வந்தபோது, வெளியே போராட்டங்களும் உள்ளே பயங்களுமாக, தன் சரீரத்துக்கு இளைப்பாறுதலே இல்லாமற்போயிற்று என்று பவுல் எழுதுகிறார். சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் அவரை எப்படித் தேற்றினார்? தரிசனத்தினால் அல்ல, தீத்து வந்து சேர்ந்ததினால் (2 கொரி. 7:5-6). ஒநேசிப்போரு ரோமாபுரிக்கு வந்து அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவருடைய விலங்கைக்குறித்து வெட்கப்படாமல் அநேகந்தரம் இளைப்பாற்றினான் (2 தீமோ. 1:16-17). அதே நிருபத்தின் முடிவில், தன் ஓட்டத்தை முடித்தேன் என்று மகா வெற்றியோடு எழுதின கை, துரோவாவில் கார்ப்பு என்பவனிடத்தில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துவரும்படி கேட்கிறது, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேரும்படி தீமோத்தேயுவை வேண்டுகிறது (2 தீமோ. 4:13, 21). அப்போஸ்தலனுக்கும் குளிர்கிறது. அதை எழுதிக் கேட்க அவர் வெட்கப்படவில்லை.

உங்கள் ஜெபக்குழு தாங்குகிற மிஷனெரி குடும்பத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அல்லது தொலைபேசியில் அழையுங்கள். ஆத்தும ஆதாயத்தின் எண்ணிக்கையைக் கேட்கவேண்டாம். பெண்கள் ஐக்கியத்தில் ஒருவர் அந்த ஊழியரின் மனைவியோடு தனியே பேசட்டும். நம்முடைய பாஷையில், நேரத்தைப் பார்க்காமல். பிள்ளைகளுக்கு விடுதி விடுமுறை எப்போது என்று கேட்டு, அந்த நாட்களில் உங்கள் வீட்டில் வந்து தங்கும்படி அழையுங்கள். வடக்கே பனிக்காலம் தொடங்குமுன் அவர்களிடத்தில் போதுமான கம்பளி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.